பட்டைத் தண்ணீரும் பதினான்கு ஊசிகளும்

என் மகளை நான் வாழ்நாளில் இரண்டு முறை அறைந்திருக்கிறேன். இரண்டும் ஒரே வாரத்தில், அவளுக்கு ஆறு வயதாயிருந்தபோது நிகழ்ந்தவை. குழந்தையைக் கயிற்றால் கட்டிப்போட்டு ஊசி போட வைத்தவன் என்று உறவினர் சிலர் இன்றும் என்னைப் பற்றிச் சொல்லி வருகிறார்கள். கல்யாண வீடுகளில், என் காதுக்கு எட்டும் தூரத்திலேயே அந்தக் கதை சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது பிழையான செய்தி. கயிறு எதுவும் அங்கே இருக்கவில்லை. நான் அவளைக் கட்டியது என்னுடைய அங்கவஸ்திரத்தால். நடந்ததை நடந்தபடி எழுதிவைத்துவிட்டால், பிறகு யார் எதைச் சொன்னாலும் கவலையில்லை என்ற எண்ணத்தில்தான் இதனை எழுதுகிறேன். நடந்தது அவர்கள் சொல்லும் கதையைவிட எனக்குப் பெருமை சேர்ப்பதன்று என்பதையும் அறிந்தே எழுதுகிறேன்.

சென்னைக்குப் போய் பி.ஏ. தேறி வந்தவர்கள் அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் மிகச் சிலர். அவர்களில் ஒருவனான நான், ஆம்பூரில் பாலாற்றை ஒட்டியிருந்த ஒரு தோல் ஷாப்பில் மானேஜராகச் சேர்ந்தேன். முதலாளி ஒரு சாயபு, கண்ணியமான மனிதர். படித்தவன் தோலில் கை வைப்பதா என்று என் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தனர். அதனாலேயே நான் மற்ற மானேஜர்களைவிட இரு மடங்கு விறைப்பாக நடந்துகொண்டேன். கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் ஷாப்புக்குள் காலடி வைத்ததில்லை. காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் வாயிற்கதவைச் சாத்த வேண்டும், அதன்பின் வருகிறவனுக்கு அன்று வேலை கிடையாது என்பது நான் ஏற்படுத்திய விதி. சாயபுவே ஒருமுறை அதைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்றார். நான் தளர்த்தவில்லை.

ஷாப்பின் பின்கட்டில் எந்நேரமும் இருபது நாய்களாவது கிடக்கும். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து, சரிவான மரக்கட்டையின் மேல் விரித்து, இரண்டு பிடியுள்ள வளைந்த கத்தியால் உட்புறச் சதையை வழித்து எறிவார்கள். அந்த வழிசலைத் தின்று வளர்ந்த நாய்கள் அவை. கொன்றுவிடலாமா என்று வாட்ச்மேன் இரண்டு முறை அனுமதி கேட்டான். கழிவை அப்புறப்படுத்தும் வேலை மிச்சம் என்று நான்தான் விட்டுவைக்கச் சொன்னேன்.

என் குடியிருப்பு ஷாப்பின் மதிலை ஒட்டி இருந்தது. சாயங்காலம் காப்பிக்கு என்னை அழைக்க மகள் பின்கட்டு வழியாக வருவது வழக்கம். அன்றும் வந்தாள். ஒரு செவலை நாய், குரைக்கவுமில்லை, உறுமவுமில்லை, தலையைத் தொங்கப் போட்டபடி நேர்க்கோட்டில் நடந்து வந்து அவளுடைய இடது கெண்டைக்காலைக் கவ்வியது. ஆபீஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் தலையை உதறியபோது என் மகளும் அதனோடு சேர்ந்து தரையில் புரண்டதைக் கண்டேன்.

நான் போய்ச் சேருவதற்குள் பக்கத்துக் கட்டையில் சதை வழித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் கத்தியை எறிந்துவிட்டுப் பாய்ந்தார். நாற்பதைத் தாண்டியவர். அந்த ஷாப்பிலேயே கத்தி வேலையில் அவருக்கு இணை கிடையாது. வேறு எதையும் தேடாமல் தன் வலது கையை நாயின் கடைவாய்க்குள் திணித்து, தாடையைப் பிளந்து காலை விடுவித்தார். நாய் அந்தக் கையைக் கடித்தது. இரண்டு விரல்களில் எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. பிறகு மற்றவர்கள் வந்தார்கள். கடப்பாரை, தோல் புரட்டும் கழி, வழிக்கும் கத்தி, கையில் எது இருந்ததோ அது. நாய் செத்த பிறகும் அடித்தார்கள். அதன் மண்டை மண்ணோடு மண்ணாகும் வரைக்கும் அடித்தார்கள். நான் நிறுத்தவில்லை; இன்னும் அடிக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. என் மகள் ஒரு முனகல்கூட இல்லாமல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திருப்பி உட்கார வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தோல் ஷாப்பில் எந்தக் காயத்துக்கும் முதல் மருந்து சுண்ணாம்புதான். அந்தத் தொழிலாளி தன் கையை மணிக்கட்டு வரை சுண்ணாம்புக் குழியில் முக்கி எடுத்தார். அதே கையோடு, ஒரு பிடி சுண்ணாம்போடு, என் மகளின் காலைப் பிடித்தார். நான் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளிய வேகத்தில் அவர் செத்த நாயின் மேல் போய் விழுந்தார். அவர் என் குழந்தையைக் காப்பாற்றி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கார்பாலிக் ஆசிட் வைத்துச் சுட்டார்கள். கண்ணாடிக் குச்சியின் முனை ஒவ்வொரு பல் குழிக்குள்ளும் போய் வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாவற்றையும் சேர்த்து என் மகள் கத்தினாள். டாக்டர் இளைஞர், அளந்து பேசுகிறவர். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நாய்க்கடிக்குக் குன்னூர் மலைக்கு ரயில் ஏறியாக வேண்டும், இப்போது மருந்து புட்டியில் அடைபட்டு இங்கேயே வந்துவிடுகிறது, அதுவே பெரிய பாக்கியம் என்றார். பதினான்கு நாள், நாளுக்கு ஓர் ஊசி, வயிற்றில். ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் அதற்குத் தாம் பொறுப்பில்லை என்றார்.

அவர் அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எனக்கு எட்டு வயதில், எங்கள் பூர்வீக வீட்டில், என் பெரியப்பா மகன் வெறிநாய்க்கடி நோயில் இறந்தான். அப்போது மலையிலும் மருந்து இல்லை. அவனை மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டுக் கெஞ்சினான். செம்பை எடுத்துக்கொண்டு போனது நான். செம்பைக் கண்டதுமே அவன் தொண்டை உள்ளே இழுத்துக்கொண்டது. தன் உதட்டைத் தானே கடித்துக் கிழித்தான். இரத்தம் அந்தத் தண்ணீரில் விழுந்தது. ஊருக்கு விஷக்காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டோம். என் மனைவிக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. என் மகள் முரண்டு பிடித்த ஒவ்வொரு நாளும் நான் பார்த்தது அவளையன்று, அந்தச் செம்பை.

மறுநாள் காலை, முதல் ஊசிக்குக் கிளம்பும் முன், அவளை எதிரில் உட்கார வைத்து விளக்கம் சொன்னேன். குழந்தையை மிரட்டி இழுத்துப் போவது படிக்காதவர்கள் செய்கிற காரியம், அறிவுக்கு எட்டும்படி சொன்னால் குழந்தையும் இணங்கும் என்பது என் கொள்கை. அவளுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினேன். "ஆட்டுத் தோல் சும்மா கெடந்தா அழுகிடும், இல்லையா? ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறப் போட்டா?" என்று கேட்டேன். அழுகாது என்றாள். நாயின் விஷம் உன் உடம்பை அழுக வைக்கப் பார்க்கிறது, இந்த மருந்து பட்டைத் தண்ணீரைப் போல உள்ளே போய் அழுகாமல் காக்கும், பதினான்கு நாள் ஊறினால் போதும் என்று முடித்தேன். கொஞ்சமும் வலிக்காது என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். இந்த உவமையை டாக்டரிடமும் சொன்னேன். அவரும் நன்றாயிருக்கிறது என்றார். எனக்கு அதில் திருப்தி இருந்ததை மறைக்க மாட்டேன்.

காலை ஆறு மணிக்கு, பொது நோயாளிகள் வருமுன் எங்களுக்கு ஊசி போட டாக்டர் ஒப்புக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது அந்தத் தொழிலாளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முதலில் போட்டார்கள். படுத்தபடியே, ஊசி இறங்கும்போது, தோல் ஷாப்புப் பாஷையில் ஒரு வசவை உதிர்த்தார். என் மகள் கதவருகில் நின்று முழுவதையும் பார்த்தாள். அடுத்து அவளும் ஏறிப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். முடிந்த பிறகுதான் அழுதாள். பிறகு இருவரும் ஒரே பெஞ்சில், வயிற்றில் டிங்க்சர் காயும்வரை துணியை விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதுதான் என் கண்ணை உறுத்தியது. மானேஜரின் மகள் ஒரு சதை வழிக்கிற ஆளோடு ஒரே பெஞ்சில் வயிற்றைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊர் பேசும். டாக்டரைத் தனியே அழைத்து, அந்த ஆளுக்கு வேறு நேரம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குப் பொது வரிசையில் வரச் சொல்கிறேன் என்றார். ஏழு மணிக்கு எங்கள் வாயிற்கதவு சாத்தப்படும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினால், அது பாதி உண்மையாக இருக்கும்.

இரண்டாம் நாள் அவள் மேஜைமேல் ஏற மறுத்தாள். தூக்கி வைத்தேன். மூன்றாம் நாள் வாசற்படியிலேயே திமிறினாள். கம்பவுண்டரும் தோட்டியும் இரண்டு கால்களைப் பிடிக்க, நான் தோள்களை அழுத்திக்கொள்ள, டாக்டர் ஊசியை நீட்டினார். அவள் எப்படியோ ஒரு காலை உருவிக்கொண்டு அவர் கையை உதைத்தாள். சிரிஞ்சு தரையில் விழுந்து உடைந்தது. மலையிலிருந்து அளந்து வருகிற மருந்து தரையில் ஓடியது. நான் அவள் கன்னத்தில் அறைந்தேன். அவள் தலை மேஜையில் மோதியது. கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறொரு சிரிஞ்சில் மருந்து ஏற்றிப் போட்டார்கள்.

நான்காம் நாள் அங்கவஸ்திரம். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்துச் சுற்றி, மேஜையின் அடியில் கொண்டுபோய் முடிந்தேன். கூச்சல் கேட்டு வராந்தாவில் கூட்டம் கூடியிருந்தது. அங்கே நின்றவர்களில் யாரோ கண்டதுதான் பிற்பாடு கயிறாக மாறியிருக்க வேண்டும். அவள் கத்திய கத்தலில் குரல் போய்விட்டது. வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஊசியை உருவிய இடத்தில் இரத்தம் முத்தாக நின்றது. சுற்றிலும் முந்தைய நாட்களின் டிங்க்சர் கறை, பழுப்பும் மஞ்சளுமாய் வயிறு முழுவதும் பரவியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கிணற்றடிக்குப் போய்த் தேங்காய் நாரால் வயிற்றைத் தேய்த்தாள். தோல் உரிந்து, கடித்த இடத்தைவிட அது மோசமாயிற்று. அப்போதும் அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. என் மனைவி அன்று எனக்குச் சோறு மட்டும் வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை ஐந்தரைக்குக் குழந்தையைக் காணவில்லை.

ஒன்பது மணி வரை தேடினோம். ஆற்றங்கரைக்கு ஆள் போயிற்று. கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டுப் பார்த்தார்கள். பார்த்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நான் நின்றேன். எட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடைசியில் வாட்ச்மேன் ஓடி வந்து, பட்டைக் கோடவுனில் மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ அசைகிறது என்றான். நான்தான் உள்ளே போனேன். உடைத்த ஆவாரம்பட்டைக் குவியலில் கழுத்துவரை புதைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். என் கட்டைவிரலைக் கடித்தாள். விளையாட்டுக் கடியன்று. அவளைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தபோதும் பல் விடவில்லை. இரத்தம் என் சட்டைக் கைக்குள் வழிந்தது.

வாசலில் நின்ற தொழிலாளிகள் சட்டென்று பின்வாங்கினார்கள். "பாப்பாவுக்குத் தலைக்கு ஏறிடுச்சுடா" என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஒருவன் கழியை எடுத்தான். ஐந்து நாட்களுக்கு முன் அந்த நாயின் மண்டையைப் பிளந்த கழி அது. அவன் எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கை தானாகப் போயிருக்கும். ஆயினும் நான் அதைக் கண்டேன், என் மகளும் கண்டாள். நான் இரண்டாம் முறையாக அவளை அறைந்தேன். பல் விட்டது. கழி எடுத்தவனைப் பார்த்து, அதைக் கீழே போடு, இல்லாவிட்டால் அதனாலேயே உன்னை அடித்துக் கொல்வேன் என்றேன். அந்த ஷாப்பில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். எல்லாரையும் விரட்டிவிட்டுக் கோடவுன் கதவைச் சாத்தினேன்.

உள்ளே நாங்கள் இருவர் மட்டும். அவள் பட்டைத் தூள் ஒட்டிய முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

"நைனா, நான் எப்போ செத்தேன்?" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். "செத்த ஆட்டுக்குத் தானே பட்டத் தண்ணி. உசுரோட கீற ஆட்டுக்குப் போட மாட்டாங்க இல்ல?" பாவாடையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். டிங்க்சர் கறையில், நார் தேய்த்த ரணத்தில், அது பதனிட்ட தோலின் நிறத்திலேயே இருந்தது. "பாருங்க, கலரு வந்துடுச்சு. பதினாலு நாளு ஆனா எடுத்துடுவாங்க."

ஐந்து நாட்களாக அவள் எதை எதிர்த்துப் போராடினாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊசியையன்று. நாய் அடிபட்டுச் செத்ததைப் பார்த்திருக்கிறாள். தானும் அன்று செத்துவிட்டதாகவும், பெற்ற தகப்பனே தன்னைத் தோலாக்கிக்கொண்டிருப்பதாகவும் எண்ணியிருக்கிறாள். அந்த எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தது என் உவமை. தோல் ஷாப்பின் மதிலோரத்தில் வளராத எந்தக் குழந்தைக்கும் அந்தப் பயம் வந்திருக்காது. அங்கே சம்பளம் வாங்காத எந்தத் தகப்பனும் அப்படி விளக்கியிருக்க மாட்டான்.

நீ சாகவில்லை, அது ஓர் எடுத்துக்காட்டுக்குச் சொன்னது என்றேன். அவள் நம்பவில்லை. சத்தியம் செய்தேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்து, "வலிக்காதுன்னு கூடத்தான் சொன்னீங்க" என்றாள். பி.ஏ. பட்டம் பெற்ற ஒருவன் தன் ஆறு வயது மகளிடம் மதிப்பிழந்து பட்டைக் குவியலில் உட்கார்ந்திருந்தான். நேரம் ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. அன்றைய ஊசி இன்னும் போடப்படவில்லை.

யார் சொன்னால் நம்புவாய் என்று கேட்டேன். பட்டைத் தூளை விரலால் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"தோல் வழிக்கிறானே, அவனுக்குத் தான் தெரியும்."

கட்டைவிரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நான் பின்கட்டுக்குப் போனேன். அவர் கட்டையின் மேல் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். கடிபட்ட கையில் கந்தல் சுற்றி, அதன் மேல் சுண்ணாம்பு அப்பியிருந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டேன். ஏனோ அதைத்தான் முதலில் கேட்டேன்.

"மொத நாளு போனதோட செரி சாமி. எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க. இங்க ஏழுக்கு கேட்டு சாத்திடுறாங்க. ரெண்டுத்துல ஒண்ணு தான் ஆவும்." கத்தியை நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டைக்காரன் குனிந்தபடியே, "கேட்டு சாத்துறவங்க யாருன்னு சாமிக்குத் தெரியாதாட்டம் கீது" என்றான். இரண்டு மூன்று பேர் மூக்கால் சிரித்தார்கள். வேறொரு நாளாயிருந்தால் அவனை அங்கேயே வேலையைவிட்டு நீக்கியிருப்பேன்.

அன்றையதோடு சேர்த்து நான்கு நாள் ஊசி தவறியிருந்தது. என் பெரியப்பா மகனைக் கட்டிய தூண் என் கண்முன் வந்து நின்றது. இம்முறை அதில் வேறொரு முகம் இருந்தது. அந்த முகத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

என் குழந்தை உன்னைக் கூப்பிடுகிறாள், வர முடியுமா என்றேன். வா என்று கட்டளையிட்டுப் பழகிய வாய்க்கு, முடியுமா என்பது கடினமாக இருந்தது. அவர் கத்தியைக் கட்டையில் சாய்த்துவிட்டு, ஈரம் சொட்டும் முன்துணியோடு என் பின்னால் வந்தார். ஐம்பது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கோடவுனில் அவள் தன் கேள்வியைக் கேட்டாள். நான் எதிர்பார்த்தபடி அவர் சிரிக்கவில்லை. வேலைக்கு வந்த ஒரு தோலைப் பார்ப்பது போலவே அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளுடைய புறங்கையைக் கட்டாத கையால் கிள்ளித் தூக்கி, விட்டார்.

"தோ பாரு பாப்பா. வுட்ட ஒடனே ஓடிப்போய் ஒட்டிக்கிச்சா? செத்த தோலக் கிள்ளுனா கிள்ளுன மேனிக்கு நிக்கும். நான் இருவது வருஷமா பாக்கறேன், ஒண்ணு கூட ஓடுனது இல்ல."

அவள் தானே கிள்ளிப் பார்த்தாள். இன்னொரு முறை கிள்ளினாள். பிறகு அவர் கையை இழுத்து அதையும் கிள்ளினாள். காய்ப்பேறிய அந்தத் தோல் மெதுவாகத்தான் படிந்தது. அவள் முகம் மாறியது. "ஒனக்கு லேட்டா ஓடுது" என்றாள்.

"வயசாச்சு இல்ல."

"அப்போ வலிக்கிதே, அது?"

"செத்ததுக்கு ஏது வலி? நான் இந்தக் கத்தியால வழிக்கிறேனே, ஒரு தோலாவது ஐயோன்னு சொல்லிச்சா? வலிச்சா உசுரு கீதுன்னு அர்த்தம். ஊசி நல்லா வலிக்கும். கத்தி நழுவி வெரல்ல பட்டா எப்டி வலிக்கும், அப்டி. பத்து எண்றதுக்குள்ள கம்மி ஆயிடும்."

அவ்வளவுதான். நான் ஐந்து நாள் பொய்யாலும் கையாலும் செய்ய முடியாததை அவர் உண்மையாலும் ஒரு கிள்ளாலும் செய்தார். அவள் எழுந்து பட்டைத் தூளை உதறிக்கொண்டு, "நீயும் வரணும்" என்றாள். அவரை ஒருமையில் அழைக்கிறாளே என்று அப்போதுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. திருத்தும் தகுதி எனக்கு இருக்கவில்லை. நானும் அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பொது நோயாளிகளின் வரிசை நெரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னிலையிலும் நாங்கள் மூவரும் அந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்டர் என் விரலைப் பார்த்தார், தொழிலாளியின் கையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பின் அவர் என்னிடம் பேசிய தொனி நிரந்தரமாக மாறிவிட்டது. அதை நான் ஏற்றுக்கொண்டேன். தொழிலாளிக்கு முதலிலிருந்து பதினான்கு போட வேண்டும், இடைவெளி விழுந்ததற்கு இனி யாரும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அவருக்குப் போடும்போது என் மகள் பக்கத்தில் நின்று எண்ணினாள். அவர் மூன்றிலேயே தன் வழக்கமான வசவைச் சொன்னார். "சொல்லாத. எண்ணு" என்றாள். அவள் முறை வந்தபோது அவர் எண்ணினார். ஊசி ஏறியபோது அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்த பிடியில் நகம் வெளுத்தது. உதட்டைக் கடித்ததில் இரத்தம் வந்தது. வலிக்குது வலிக்குது என்று ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே சொல்லிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. யாரும் அவளைப் பிடிக்கவுமில்லை. என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதல் இருவருக்கும் ஆறு மணி. வாயிற்கதவு விதியை நான் நீக்கவில்லை; ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருகிறவனுக்கு எந்நேரமும் திறக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். சாயபு அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். ஊர் பேசியது. மானேஜர் தன் மகளைத் தோல்காரனோடு கூட்டுச் சேர்த்துவிட்டார் என்று என் மைத்துனரே வீட்டுக்கு வந்து சொன்னார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

பதினான்காம் நாள் என் மகளுக்கு முடிந்தது. தொழிலாளிக்கு இன்னும் நான்கு இருந்தது. இனி நீ வர வேண்டியதில்லை என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான்கு நாளும் வந்தாள்.

ஊசி முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. அந்த விஷம் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்பதை டாக்டர் சொல்லாமலே அறிவேன். எப்படித் தொடங்கும் என்பதையும் அறிவேன். ஆகவே தினமும் காலையில் என் மகள் ஒரு டம்ளர் தண்ணீரை என் எதிரில் குடித்த பிறகே நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். வாயிற்கதவில் நின்று அந்தத் தொழிலாளியையும் குடிக்கச் சொன்னேன். முதல் நாள் வழக்கப்படி அவர் கைகளைக் குவித்தார். வாட்ச்மேன் உயரத்திலிருந்து ஊற்றினான். கைகள் மறைத்ததில் தொண்டை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து பித்தளை டம்ளரை என் மகள் எடுத்து வந்தாள். அவர் தயங்கினார். வரிசையில் நின்ற அனைவரும் பார்த்தார்கள். வாங்கு என்றேன். வாங்கி, தலையை அண்ணாந்து, தொண்டை மணி ஏறி இறங்கக் குடித்தார்.

என் மகள் அதை ஒரு சோதனையாகவே ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய சோதனை வேறு. தினமும் டம்ளரைத் திரும்ப வாங்கும்போது அவர் புறங்கையைக் கிள்ளி, அது படியும் வரை காத்திருந்து பார்ப்பாள்.

ஆறு மாதம் அப்படியே நடந்தது. ஏன் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் எங்களிடையே எழவில்லை. ஒருநாள் மட்டும், குடித்து முடித்து டம்ளரை அவளிடம் நீட்டியபடி, அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கும் எறங்கிடுச்சு சாமி. இன்னும் எத்தினி நாளு பாப்பீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் என் மகள் அவர் கையைக் கிள்ளிவிட்டு, "இரு, இன்னும் ஓடல" என்றாள். மூவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சங்கு ஊதியது. கதவைச் சாத்தலாமா என்று வாட்ச்மேன் கேட்டான். கொஞ்சம் பொறு என்றேன்.